எதிர்முனையில் யார்? மருத்துவர்களும் கைபேசிச் செயலிகளும்



இந்தச் சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் எனக்குக் கொடுத்த தலைப்பு 'மருத்துவமும் தொழில்நுட்பமும்'. ஒரு மாலைப் பொழுதுக்கு அது மிகப் பெரியது. அதில் ஓர் ஓரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சர்க்கரைக்கு ஒரு செயலி, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, மனச்சோர்வுக்கு ஒன்று, மாத்திரையை நினைவூட்ட ஒன்று என்று கைபேசியில் குவிந்து கிடக்கின்றன. மாத்திரையை எழுதுவதுபோல இவற்றையும் ஒரு டாக்டர் தம் சீட்டில் எழுதிக் கொடுப்பாரா? பெரும்பாலானோர் எழுதுவதில்லை. ஏன் எழுதுவதில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

மும்பையில், சயானிலும் தாராவி ஓரத்திலும் நெடுங்காலம் பொது மருத்துவம் பார்த்தவன் நான். இப்போது வாரத்தில் சில மாலைகள் செம்பூரில் உட்காருகிறேன். ஆக, இந்த வழக்கில் நான் நீதிபதி இல்லை, கட்சிக்காரன். அதை மனதில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

செயலி கொண்டுவரும் இளைஞர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. டாக்டர்கள் பழைய ஆட்கள், அவர்களுக்குத் தொழில்நுட்பம் பிடிபடாது, பிடிபட்டாலும் பிடிக்காது என்பார்கள். எனக்கு இது சிரிப்பாக இருக்கிறது. மாட்டுங்காவில் எழுபது வயதைத் தாண்டிய டாக்டரின் கைபேசியை வாங்கிப் பாருங்கள். எக்ஸ்ரே படம், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், பேரனின் தொடையில் வந்த தடிப்பு, ஊருக்குப் போன நோயாளி திருநெல்வேலியில் வாங்கிய மாத்திரை அட்டையின் பின்பக்கம், எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்திருக்கும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் போடுகிறார். அதற்குப் பெரும்பாலும் ஃபீஸ் கிடையாது. இந்த நகரத்தில் டிஜிட்டல் மருத்துவம் என்று ஒன்று உண்மையாக நடக்கிறது என்றால் அது இதுதான். அதைத் தொடங்கி வைத்தவர் யாருமில்லை. அதற்கு விழாவும் நடக்கவில்லை.

எனவே தயக்கத்தின் வேர் வேறு எங்கோ இருக்கிறது. அதைத் தேடும் முன், என் தொழிலைப் பற்றிய ஒரு கசப்பான கதையைச் சொல்லியாக வேண்டும். செயலிகளைக் குறை சொல்லும்போது, டாக்டரின் கையெழுத்து என்னவோ கல்லில் பொறித்த சாசனம் என்பதுபோல நாம் பேசிவிடுகிறோம். அப்படி இல்லை என்பதற்குச் சாட்சி தாராவியே.

1991இல் முகுந்த் உப்லேகர், டொனால்ட் ஷெப்பர்ட் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தாராவியில் தொழில் நடத்திய சுமார் 100 தனியார் டாக்டர்களிடம், காசநோய்க்கு நீங்கள் என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்டார்கள். 80 விதமான பதில்கள் வந்தன. ஒரே நோய், ஒரே கிருமி, நடந்தே சுற்றிவிடக்கூடிய ஓர் ஊர், 80 சிகிச்சைகள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, மாஹிம் இந்துஜா மருத்துவமனையின் நுரையீரல் மருத்துவர் ஜரீர் உத்வாடியாவும் அவருடைய சகாக்களும் இதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். 2010இல் முடிவு வந்தது. 106 டாக்டர்கள், 63 விதமான சிகிச்சைகள்; சரியான சீட்டை எழுதியவர்கள் 6 பேர். அலோபதி, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி என்று எல்லாப் பட்டக்காரர்களும் அந்த 106 பேரில் இருந்தார்கள். ஆனால் தாராவிக்காரர் அந்தப் பலகைகளைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அவருக்கு எல்லாரும் 'டாக்டர்'தான்.

2011 டிசம்பரில் அதே உத்வாடியா குழு, எந்த மருந்துக்கும் மசியாத, 'முற்றிலும் மருந்தை எதிர்க்கும்' காசநோய் 4 நோயாளிகளிடம் இருப்பதாக எழுதியது. 'முற்றிலும்' என்ற அடைமொழியை அரசு ஏற்கவில்லை. பெயரைப் பற்றிய சண்டை கொஞ்ச நாள் நடந்தது. சண்டை எப்படியோ போகட்டும். 2012 மே மாதம், காசநோயாளியை யார் கண்டறிந்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஆணை வந்தது. அதே ஆண்டு 'நிக்ஷய்' என்ற இணையப் பதிவேடும் வந்தது. இந்தியாவில் தனியார் டாக்டரின் மேசைக்கு அரசு அனுப்பி வைத்த முதல் பெரிய டிஜிட்டல் கருவிகளில் அது ஒன்று. வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். உட்கார இடமில்லாமல் வாசலில் ஜனம் நிற்கிறது. டாக்டரும் ஒரு கம்பவுண்டரும் மட்டுமே இருக்கும் பத்தடிக் கிளினிக். அதில் யார் உட்கார்ந்து நோயாளியின் பெயர், முகவரி, எடை, சளிப் பரிசோதனை முடிவு என்று கட்டம் கட்டமாக நிரப்புவது? நிரப்பினால் நோயாளி, காசநோய் மருந்து தரும் அரசு டாட்ஸ் மையத்துக்குப் போய்விடுவாரோ என்ற பயமும் இருந்தது. அதையும் மறைப்பதற்கில்லை. 2018இல், தெரிவிக்காவிட்டால் தண்டனைச் சட்டம் பாயும் என்று அரசிதழில் போட்டார்கள். சட்டம் பயமுறுத்தும், கட்டங்களை நிரப்பித் தராது.

இதற்கு நேர் எதிராக ஒன்று 2014 முதல் இதே மும்பையில் நடந்தது. மாநகராட்சியோடு சேர்ந்து 'பாத்' என்ற அமைப்பு கேட்ஸ் அறக்கட்டளையின் பணத்தில் நடத்திய திட்டம் அது. தனியார் டாக்டர்களை, பட்டம் எதுவானாலும், ஒரு வலைக்குள் கொண்டுவந்தார்கள். சந்தேகத்துக்குரிய இருமல்காரர் வந்தால் அவர் பெயரில் ஒரு மின்னணு வவுச்சர் உருவாகும். அந்த எண்ணைக் காட்டினால் எக்ஸ்ரே இலவசம், பரிசோதனை இலவசம், மருந்துக்கடையில் மாத்திரையும் இலவசம். கடைக்காரருக்குப் பணம் பின்னால் வந்து சேரும். நோயாளி டாக்டரை விட்டுப் போக வேண்டியதில்லை. அரசுக்குத் தெரிவிக்கும் வேலையும் அதே எண்ணின் வழியாக முடிந்துவிடும்.

இதிலும் கணினிதான், இதிலும் பதிவேடுதான். ஆனால் டாக்டர்கள் சேர்ந்தார்கள். வவுச்சரைப் பற்றி அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்து டாக்டர்கள் பேசும்போது நான் கவனித்த ஒரு விஷயம்: யாரும் தொழில்நுட்பத்தைப் புகழவில்லை. 'ஆள் வருவான், பார்த்துக்குவான்' என்றுதான் சொன்னார்கள். எண் வேலை செய்யாவிட்டால் கூப்பிட ஓர் ஆள் இருந்தார். நோயாளி வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஓர் ஆள் இருந்தார். அந்த ஆளுக்குச் சம்பளம் இருந்தது.

அதனால் தாராவி டாக்டர்கள் எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மும்பையிலும் பாட்னாவிலும் நோயாளிபோல நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை அனுப்பிச் சோதித்த ஆய்வு 2018இல் வெளியானது. 2,602 சந்திப்புகளில் 35 விழுக்காட்டில்தான் சிகிச்சை சரியான வழியில் போயிருந்தது. ஆகவே டாக்டருக்கு உதவி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படிப்பட்ட உதவி என்பதில்தான் பேச்சு.

இப்போது ஒரு காகித உறையைப் பற்றிச் சொல்கிறேன். அதை நிதானமாகப் பார்க்க வேண்டும். '99டாட்ஸ்' என்று பெயர். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் இந்தியக் கிளையில் பிறந்து எவர்வெல் என்ற நிறுவனத்தின் கையில் வளர்ந்தது. காசநோய் மாத்திரை அட்டையைச் சுற்றி ஓர் உறை இருக்கும். மாத்திரையை அழுத்தி வெளியே எடுத்தால், அதன் பின்னால் மறைந்திருக்கும் தொலைபேசி எண் கண்ணுக்குத் தெரியும். அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அடுத்து எந்த எண் வரும் என்று நோயாளியால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் கணினிக்குத் தெரியும். சரியான எண்ணுக்கு அழைப்பு வந்தால், அட்டை உடைந்தது, மாத்திரை வெளியே வந்தது என்று பொருள். ஸ்மார்ட்போன் வேண்டாம், இணையம் வேண்டாம், காசு வேண்டாம். மிஸ்டு கால் என்ற நம் ஊர்ச் சிக்கனத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்த மூளை உண்மையிலேயே கெட்டிக்கார மூளை.

மாத்திரை வெளியே வந்தது சரி, வயிற்றுக்குள் போனதா? சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பீனா தாமஸ், அமெரிக்காவிலிருந்து வந்த ராம்நாத் சுப்பராமன் ஆகியோரின் குழு இதைச் சோதித்தது. சென்னை, வேலூர், மும்பை ஆகிய ஊர்களில் ஏறக்குறைய 600 நோயாளிகளின் வீடுகளுக்குச் சொல்லாமல் போய்ச் சிறுநீரை வாங்கினார்கள். ஐசோனியாசிட் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்த முடிவை மிஸ்டு கால் கணக்கோடு ஒப்பிட்டார்கள். 2020இல் வந்த முடிவு டாக்டர்களின் சந்தேகத்துக்கு வலுச் சேர்த்தது. உண்மையில் மருந்து எடுத்தவர்களில் ஏறக்குறைய பத்துக்கு மூவரை 'எடுக்கவில்லை' என்று கணினி காட்டியிருந்தது. எடுக்காதவர்களில் பத்துக்கு நால்வரை 'எடுத்தார்' என்று காட்டியிருந்தது.

ஏன் இப்படி? அதே குழு நோயாளிகளையும் ஊழியர்களையும் உட்கார வைத்துப் பேசிய ஆய்வும் அதே ஆண்டு வந்தது. வீட்டில் ஒரே போன், அது கணவரிடம். சிக்னல் இல்லை. எண்ணைப் படிக்கத் தெரியாது. உறையை மாமியார் பார்த்துவிட்டால் நோய் தெரிந்துவிடும். மாதக்கணக்கில் தினமும் கூப்பிட்டு அலுத்துவிட்டது. நம் மும்பைத் தமிழர் பகுதியில் பெண் பார்க்கும் பேச்சு ஊரிலிருந்து, நெல்லையிலிருந்து வரும். டிபி என்ற சொல் காற்றில் போனால் போதும், பேச்சு நின்றுவிடும். அந்த வீட்டுப் பெண் மாத்திரையை ஒழுங்காக விழுங்குவாள். போனை மட்டும் தொடமாட்டாள். கணினிக் கணக்கில் அவள் ஒழுங்கீனமானவள்.

ஊழியர்கள் சொன்னது என்னை இன்னும் யோசிக்க வைத்தது. சிலருக்கு இந்த முறை நிம்மதி: யார் மருந்தை விட்டார் என்று திரையில் தெரிகிறது, அவரை மட்டும் தேடிப் போகலாம். நோயாளிக்கும், நம்மை யாரோ கவனிக்கிறார்கள் என்ற தெம்பு. வேறு சிலருக்கு இது கூடுதல் சுமை. திரையில் சிவப்புப் புள்ளி தெரிந்தும் அவர்கள் செய்யும் வேலையில் எந்த மாற்றமும் இல்லை. தேடிப் போக ஆளும் நேரமும் இல்லை. மிஸ்டு கால் வராத நாளை ஊழியரே கையால் 'எடுத்தார்' என்று பதியும் வசதியும் இருந்தது. அப்படிப் பதிந்த நாட்களையும் கணக்கில் சேர்த்தால், மருந்தை விட்டவரைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு மேலும் குறைகிறது. நான் அந்த ஊழியரைக் குறை சொல்லமாட்டேன். மேலதிகாரி பச்சையைக் கேட்கிறார், பச்சையைக் கொடுக்கிறார்.

சீனாவில் 36 மாவட்டங்களில் 4,000க்கு மேற்பட்ட காசநோயாளிகளை வைத்து, மாத்திரையைத் தவறாமல் எடுக்க வைப்பது எப்படி என்று நடந்த சோதனை 2015இல் வெளியானது. குறுஞ்செய்தி மட்டும் அனுப்பியதில், தவறவிட்ட மாத்திரைகள் குறையவில்லை. திறந்து மூடுவதைத் தானே குறித்துக்கொண்டு, வேளைக்கு ஒலியும் எழுப்பும் மருந்துப் பெட்டியைக் கொடுத்த இடத்தில் குறைந்தது. அந்தப் பெட்டியை மாதந்தோறும் டாக்டர் திறந்து பார்த்தார். விட்டவருக்குக் கண்காணிப்பை அதிகப்படுத்தினார். பெட்டி வேலை செய்ததா, டாக்டர் பார்த்தது வேலை செய்ததா? நான் இரண்டாவது கட்சி.

இனி, சட்டத்தை நினைத்து டாக்டர்களுக்கு வரும் பயத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1995இல் உச்ச நீதிமன்றம், காசு வாங்கிப் பார்க்கும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லிவிட்டது. 2018 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் தொழிலையே உலுக்கியது. ரத்னகிரியில் அறுவை சிகிச்சை மூலம் பிரசவித்த பெண்ணுக்கு, வீட்டுக்குப் போன பிறகு உடல்நிலை கெட்டது. டாக்டர் தொலைபேசியில் மருந்து சொன்னார். பெண் பின்னர் இறந்துபோனார். டாக்டர் தம்பதியின் முன்ஜாமீன் மனுவை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வழக்கின் முழு விவரமும் தொலைபேசி மட்டும் அல்ல. ஆனால் டாக்டர்கள் வட்டாரத்தில் பரவியது ஒரே வரிதான்: போனில் மருந்து சொன்னால் ஜெயில். அந்த ஆண்டு எத்தனை பேர் தங்கள் நோயாளிகளிடம் 'நேர்ல வாங்க' என்று மட்டும் சொல்லி போனை வைத்தார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது.

2020 மார்ச் 25இல், ஊரடங்கோடு ஊரடங்காக, தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வந்தன. வாட்ஸ்அப்பில் பார்க்கலாம், இந்த இந்த மருந்தை எழுதலாம், இதை எழுதக் கூடாது என்று தெளிவுபடுத்தின. இன்னொன்றும் சொல்லின: செயற்கை நுண்ணறிவு நோயாளிக்கு ஆலோசனை சொல்லக் கூடாது, மருந்து எழுதக் கூடாது, பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே அதைச் செய்யலாம். நல்லது. ஆனால் ஒரு செயலியை நான் எழுதிக் கொடுத்து, அது நோயாளிக்குத் தவறான ஒன்றைச் சொன்னால் பொறுப்பு யாருடையது? செயலியின் விதிமுறைகளை இறுதிவரை படித்துப் பாருங்கள். 'இது மருத்துவ ஆலோசனை அல்ல, உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்' என்று எங்காவது எழுதியிருக்கும். அந்த மருத்துவர் நான்தான்.

செம்பூரில் என்னிடம் வரும் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கையில் சர்க்கரை அளக்கும் சென்சார் ஒட்டிக்கொண்டிருக்கிறார். படித்தவர், வசதி உண்டு, மகன் வெளிநாட்டில். பதினைந்து நாளுக்கு ஒரு வரைபடம் அச்சடித்துக் கொண்டுவருவார். ஃபில்டர் காபிக்கு ஒரு மேடு, பேத்தி வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மலை. அதை வைத்து அவர் மருந்தை என்னால் நுணுக்கமாக மாற்ற முடிகிறது. செயலி அவருக்கு நன்மை செய்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் ஒருமுறை அதிகாலையில் அவருடைய செயலி என் போனுக்கும் எச்சரிக்கை அனுப்பியது. மகன் அங்கிருந்தபடியே என் எண்ணையும் சேர்த்துவிட்டிருக்கிறார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை; சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் அந்த எச்சரிக்கையைப் பார்த்தபோது எனக்குத்தான் கை நடுங்கியது. எனக்குத் தகவல் வந்துவிட்டது என்பதற்கு இப்போது சாட்சி இருக்கிறது. நான் பார்க்கவில்லை என்பதற்கும்.

தாராவியில் கதை வேறு. தொண்ணூறு அடிச் சாலைக்கு உள்ளே, வீட்டிலேயே இட்லி அவித்து விற்பனைக்கு அனுப்பும் குடும்பம். ஆச்சிக்குப் பல வருடச் சர்க்கரை. மகன் ஆசையாக ஒரு செயலியை இறக்கியிருக்கிறான். இந்தியிலும் ஆங்கிலத்திலும் அது பேசும். நான் கேட்டேன், "ஆச்சி, காலையில எப்ப சாப்பிடுவீங்க?"

"அவன் வித்துட்டு வந்தப்புறம்தான்யா. மிஞ்சுனதத் திம்பேன். மிஞ்சலன்னா பாவு ரொட்டி."

"போன்ல மாத்திரைக்கு மணி அடிக்குதா?"

"போன அவன்தான கொண்டு போறான்."

விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தோடு சைக்கிளில் போனும் போய்விடுகிறது. எட்டு மணிக்கு 'காலை உணவுக்கு முன் மாத்திரை போட்டீர்களா' என்று சயான் பக்கம் ஏதோ ஒரு தெருமுனையில், சட்னி ஊற்றிக்கொண்டிருக்கும் பையனின் சட்டைப் பையில் மணி அடிக்கிறது. அவன் 'ஆம்' என்று அழுத்திவிட்டு அடுத்த தட்டை நீட்டுகிறான். செயலியின் கணக்கில் ஆச்சி நூற்றுக்கு நூறு.

செயலி எழுதியவர் முட்டாள் இல்லை. ஒரு மனிதருக்கு ஒரு போன், எட்டு மணிக்குச் சாப்பாடு, படிக்கத் தெரிந்த ஒரு மொழி என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். கொரோனா வந்தபோதும் இதே கதைதான். 2020 ஏப்ரல் 1இல் தாராவியில் முதல் கொரோனா நோயாளி தெரியவந்தார். மறுநாள் 'ஆரோக்ய சேது' செயலி வெளியானது. யார் யாருக்கு அருகில் இருந்தார் என்று புளூடூத் வழியாகச் சொல்லும் செயலி. தாராவியில் எல்லாரும் எல்லாருக்கும் அருகில்தான் இருக்கிறார்கள். கழிப்பறை வரிசையில், தண்ணீர்க் குழாயில். அங்கே வேலை செய்தது, பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு அந்த வெயிலில் வீடு வீடாகப் போன உள்ளூர்த் தனியார் டாக்டர்களும், காய்ச்சல் முகாம்களும், பள்ளிக்கூடங்களில் போட்ட படுக்கைகளும். 80 விதமாக மருந்து எழுதியவர்கள் என்று பெயர் வாங்கிய அதே தாராவி டாக்டர்கள்தான். மக்கள் அவர்களுக்குத்தான் கதவைத் திறந்தார்கள்.

வெளிநாட்டைப் பார்ப்போம். ஜெர்மனி 2019 இறுதியில் சட்டம் போட்டு, செயலியைச் சீட்டில் எழுதலாம், காப்பீடு பணம் கொடுக்கும் என்றது. 2020 அக்டோபரில் காதிரைச்சலுக்கான ஒரு செயலி முதல் வரிசையில் பட்டியலுக்கு வந்தது. எந்தச் செயலி தேறியது என்று அரசு நிறுவனம் ஒன்று பட்டியல் வைத்திருக்கிறது. டாக்டர் அதைப் பார்த்து எழுதலாம். அப்படியும் அங்கே டாக்டர்கள் பாய்ந்து எழுதவில்லை. பலன் நிரூபணமாகும் முன்பே ஓராண்டு காலத்துக்குத் தற்காலிகமாகச் சேர்த்து, நிறுவனம் கேட்ட விலையையும் கொடுக்கிறார்கள் என்று காப்பீட்டுக்காரர்கள் புலம்புகிறார்கள். அமெரிக்காவில் போதைப் பழக்கத்துக்கான செயலிக்கு 2017இல் அரசு அனுமதி வாங்கிய 'பேர் தெரப்யூட்டிக்ஸ்' 2023 ஏப்ரலில் திவாலானது. செயலி இருந்தது, அனுமதி இருந்தது, பணம் கொடுக்கப் போதுமான ஆளில்லை.

நம்மிடம் ஜெர்மனியைப்போல, டாக்டர் எடுத்துப் பார்க்கும் பட்டியல் இல்லை. மென்பொருளும் மருத்துவக் கருவிதான் என்று 2020இல் விதி வந்தது. உடல்நலச் செயலி என்று பெயர் வைத்துக்கொண்டு அந்த விதியின் வாசற்படியைத் தாண்டாமல் வெளியே நிற்பவை ஏராளம். அவற்றைப் பற்றி எனக்குத் தகவல் தருபவர் யார்? மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. மாத்திரையின் விளம்பர அட்டையோடு கியூஆர் கோடு அச்சிட்ட இன்னோர் அட்டையை வைப்பார். 'உங்க பேஷன்ட்டுக்கு ஃப்ரீ சார்.' இலவசச் செயலி வழியே நோயாளியின் சர்க்கரை அளவு, வயது, ஊர், மருந்தை மாற்றிய தேதி எல்லாம் எங்கே போகின்றன என்று கேட்டால், மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்வார். அடுத்த முறை வேறு பிரதிநிதி வருவார். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. நோயாளி ஒப்புதல் தர வேண்டும் என்கிறது. மகன் போனில், மகன் விரலால், ஆச்சிக்காக ஒப்புதல் தரப்படுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் எதிர்ப்பாளன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நகரத்திலேயே எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. மகப்பேறு மருத்துவர் அபர்ணா ஹெக்டே 2008இல் தொடங்கிய 'அர்மான்' அமைப்பு நடத்தும் 'எம்மித்ரா'. கர்ப்பிணிகளை மருத்துவமனைகளில் பதிந்துகொண்டு, எத்தனையாவது வாரமோ அதற்கேற்ற செய்தியை அவரவர் போனுக்குக் குரலாக அனுப்புவார்கள். படிக்கத் தெரிய வேண்டாம்; சாதாரண போன் போதும். ஆனால் போகப்போகப் பலர் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். யார் நிறுத்தப்போகிறார் என்று முன்கூட்டியே கணிக்க, கூகுள் ஆய்வாளர்களோடு சேர்ந்து செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினார்கள். 23,000 பெண்களை வைத்துச் செய்த சோதனையில், கேட்பதை விட்டுவிடுவது சுமார் 30 விழுக்காடு குறைந்தது.

அந்த நுண்ணறிவு என்ன செய்கிறது? கர்ப்பிணிக்கு ஆலோசனை சொல்வதில்லை, மருந்து சொல்வதில்லை. இந்த வாரம் எந்தப் பெண்ணுக்கு ஒரு மனுஷி போன் போட வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. ஊழியர்கள் குறைவு, பெண்கள் ஆயிரக்கணக்கில். இருக்கும் சில குரல்களை யாருக்குச் செலவிடுவது என்ற கணக்கு அது. கூப்பிட்டு, 'ஏன்மா கேக்கறதில்ல, நேரம் மாத்தணுமா' என்று கேட்பது ஒரு பெண். கணினியை அளவோடு வேலை வாங்குவது எப்படி என்று இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

டாக்டர்களின் மனநிலை என்று பேசுகிறோம். சுமையின் பெரும்பகுதி டாக்டர் மேல் விழுவதில்லை. டிபி சூப்பர்வைசர், நர்ஸ், 'சால்' எனும் ஒண்டுக்குடித்தன மாடிகளில் ஏறி இறங்கும் ஆரோக்கிய சேவிகா, இவர்கள் மேல்தான் விழுகிறது. தடிமனான ரெஜிஸ்டரில் ஒருமுறை எழுதி, அதையே போனில் மறுபடி ஏற்றுகிறார்கள். சேவிகாவுக்குக் கிடைப்பது மதிப்பூதியம்; போன் டேட்டா அவள் காசாகவும் இருக்கும். செயலி வந்தால் ரெஜிஸ்டர் போய்விடும் என்று சொல்லித்தான் எல்லாச் செயலியும் வருகிறது. ரெஜிஸ்டர் போனதை நான் இன்னும் பார்க்கவில்லை. அவளிடம் போய் 'டிஜிட்டல் பற்றி உங்கள் மனப்பான்மை என்ன' என்று ஐந்து நட்சத்திரத் தாளை நீட்டினால் என்ன சொல்வாள்? மூன்று நட்சத்திரம் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த படி ஏறுவாள்.

ஆகவே செயலி கொண்டுவரும் தம்பி தங்கைகளிடம் நான் இப்போது அல்காரிதம் பற்றிக் கேட்பதில்லை. எச்சரிக்கை வந்தால் அதைப் பார்ப்பவர் யார், அவர் எத்தனை மணி வரை இருப்பார், அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள், ஆச்சி தமிழில் பேசினால் அவருக்குப் புரியுமா என்று கேட்கிறேன். உங்கள் பண உதவி இரண்டு வருடத்தில் முடிந்த பிறகு அந்த இருக்கையில் யார் என்றும் கேட்பேன். வவுச்சர் திட்டமும் 2017க்குப் பிறகு கைமாறியது என்பது நினைவிருப்பதால் கேட்கிறேன். பாதிப் பேர் அத்தோடு அட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் ஓர் உதவி எண்ணைக் காட்டுவார்கள். வாங்கி வைத்துக்கொள்வேன். அன்று இரவு பத்து மணிக்கு மேல், கிளினிக் பூட்டிய பிறகு, அந்த எண்ணுக்கு நானே ஒரு போன் போட்டுப் பார்ப்பேன். யாராவது எடுத்தால், மறுநாள் என் சீட்டில் எழுதுவேன்.